சேர்ந்த வேலையை விடலாமா?

கேள்வி: வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முன்பு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்த இன்னொரு நிறுவனம் இப்போது கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. போகலாமா? – வாசகி, கோவை

தாராளமாகப் போங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஆனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா பற்றி வாயைத் திறக்காதீர்கள். அதில் போட்டிருக்கும் ஆண்டுத் தொகையைப் பார்த்து மயங்கிவிடவும் வேண்டாம். முதலாளி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஊக்கத்தொகை எல்லாவற்றையும் அதில் சேர்த்திருப்பார்கள். மாதாமாதம் பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகுதிகாண் பருவத்தில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் குறைவுதான். உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். இந்த இரண்டு மாதத்தைப் பயோடேட்டாவில் மறைக்காதீர்கள். பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணில் பதிவாகியிருக்கும். மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, ரிலீவிங் லெட்டரோடு கிளம்புங்கள்.