5,000 ரூபாயில் ஒரு நாள் சென்னை ஷாப்பிங்: காசு எந்த இடத்துல நழுவுது?

"வெளியூர்ல வேலை பார்க்கறேன், ஒரு நாள் சென்னைக்குப் போய் தி.நகர்ல துணி எடுத்துட்டு, நல்லா சாப்பிட்டு வரணும், எவ்வளவு எடுத்துட்டுப் போகலாம்?" சம்பளம் வாங்க ஆரம்பிச்ச தம்பி தங்கைகள் என்கிட்ட அடிக்கடி கேட்கற கேள்வி இது. கணக்கைச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொதப்பின கதையைச் சொல்லிடறேன்.

2014 தீபாவளி. சி.ஏ. முடிச்சு திருச்சியில முதல் வேலை. நண்பர்கள் மூணு பேரோட ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். மனசுல இருந்த பட்ஜெட் 6,000. திரும்பி வரும்போது கிரெடிட் கார்டுல 19,200. யோசிச்சுப் பார்த்தா பெருசா எதையுமே வாங்கலை. 450 ரூபாய் சட்டை, 300 ரூபாய் பெட்ஷீட், 250 ரூபாய் பை, அத்தைக்கு ஒண்ணு, சித்திக்கு ஒண்ணு. அந்தத் தெருவுல எந்தப் பொருளும் விலை அதிகம் கிடையாது. பிரச்சினையே அதுதான்.

"திருச்சியில 900, இங்க 600, அப்போ 300 லாபம்" என்று மனசு ஒரு கணக்குப் போடும். பதினோரு வருஷமா கணக்கு எழுதறவன் சொல்றேன், அந்த 300-ஐ வரவு வைக்க எந்த லெட்ஜர்லயும் இடம் கிடையாது. செலவு 600, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பில் வந்தப்போ "மினிமம் டியூ" என்று 960 போட்டிருந்தது. மொத்தத்துல 5 சதவீதம். நானும் அதை மட்டும் கட்டிட்டு நிம்மதியா இருந்தேன். ஆடிட் படிச்சவன்தான், ஆனா சொந்தப் பில்லை யார் ஆடிட் பண்றாங்க? இன்னிக்கு வழக்கத்துல இருக்கற மாதம் 3.5 சதவீத வட்டியை வெச்சு அதே கணக்கைப் போட்டுக் காட்டறேன். மீதிக் கடன் 18,240. அதுக்கு ஒரு மாத வட்டி 638. வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 115. மொத்தம் 753. அதாவது 960 கட்டினா, அடுத்த பில்லுக்குள்ள 753 திரும்ப ஏறிடுது. கடன் உண்மையில குறைஞ்சது 207 ரூபாய். நிஜத்துல இதைவிட மோசம், ஏன்னா முழுசா கட்டலைன்னா வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும். பழைய பாக்கி நிற்கற வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் சலுகை கிடையாது. இது பலருக்குத் தெரியாது.

ஜனவரியில அப்பாவுக்கு குடலிறக்க ஆபரேஷன். அட்வான்ஸ் 15,000 கட்டணும். கார்டு லிமிட்ல பாதிக்கு மேல சட்டையும் பெட்ஷீட்டுமா உட்கார்ந்திருந்தது, சேவிங்ஸ்ல நாலாயிரம் சொச்சம். ஆபீஸ்ல சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட கைமாத்து வாங்கித்தான் கட்டினேன். "தம்பி, நீ சி.ஏ. தானே?" என்று அவர் கேட்கலை. கேட்டிருந்தா கூட பரவாயில்லை.

சரி, இப்போ எப்படிப் போறேன்னு சொல்றேன். போன தடவை திருச்சியிலிருந்து தனியாத்தான் போனேன், மொத்த பட்ஜெட் 5,000. இந்தப் பணம் அந்த மாதச் சம்பளத்துல இருந்து வந்தது இல்ல. நாலு மாதம், மாதம் 1,250 வீதம், இரண்டாவது சேமிப்புக் கணக்குல போட்டு வெச்சது. 28,000 கைக்கு வர்ற ஒருத்தரால ஒரே மாதத்துல 5,000 ஒதுக்கறது கஷ்டம், 1,250 முடியும். நாலு மாதம் காத்திருக்க முடியலைன்னா, அந்தப் பயணத்துக்கு இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம்.

பிரிச்ச விதம்: ரயில் போக வர 520. உள்ளூர் பஸ், மின்சார ரயில், ஆட்டோ 180. சாப்பாடு 600. பொருள் 3,400. கையிருப்பு 300, ரொக்கமா.

ரயில் செலவை நைட் ரயில் ஸ்லீப்பர்தான் குறைக்குது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில எழும்பூர். அன்னிக்கு ராத்திரியே அதே ரயில்ல திரும்பிடலாம், ரூம் வாடகை மிச்சம். ஊருக்குள்ள ஒரு வசதி இருக்கு: மாம்பலம், எழும்பூர், கடற்கரை மூணும் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில் லைன்லயே வருது. டிக்கெட் ஐந்து, பத்து ரூபாய்தான். காலையில மாம்பலம் இறங்கினா ரங்கநாதன் தெரு பக்கத்துலயே. 2023-ல திறந்த நடைமேம்பாலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்குது, கூட்டத்துல நசுங்காம போகலாம். கடை திறக்கற நேரத்துல போயிடுங்க. பன்னிரண்டு மணிக்கு மேல அங்க நின்னு யோசிக்க இடம் கிடைக்காது. யோசிக்க முடியாத இடத்துல காசைத் திறக்கக் கூடாது.

மதியத்துக்கு மேல கடற்கரை ஸ்டேஷன். அங்கிருந்து நடந்தா கோடவுன் தெரு, துணி மொத்த வியாபாரம். ஞாயிறு போகாதீங்க, பாரிஸ் பக்கம் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமைதான் சரி. இங்கதான் இன்னொரு கண்ணி. "ஆறு பீஸ் எடுத்தா மொத்த விலை." உங்களுக்குத் தேவை இரண்டு. நண்பர்களோட போனா ஆறைப் பிரிச்சுக்கலாம், உண்மையிலேயே லாபம். தனியா போனா மீதி நாலும் பீரோவுல தூங்கும்.

என் பொருள் பட்டியல் இது: ஆபீஸ் சட்டை இரண்டு 1,300, அம்மாவுக்குக் காட்டன் புடவை 900, செருப்பு 600. ஆக 2,800. மீதி 600-க்கு நான் வெச்ச பேரு ஆசைக்காசு. பட்டியல்ல இல்லாத எதை வேணும்னாலும் அதுல வாங்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. இந்த 600-ஐ ஒதுக்காம "பட்டியலைத் தாண்டி ஒரு பைசா செலவழிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுட்டுப் போனவங்கதான் அதிகமா உடையறாங்க.

பில் விஷயத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன், இது என் தொழில். சின்னக் கடையில "பில் இல்லாம 600, பில்லோட 700" என்பாங்க. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்குமான ரெடிமேட் துணிக்கும், ஜோடி 2,500 வரைக்குமான செருப்புக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 600-க்கு வரி 30 ரூபாய். 100 கேட்டா மிச்ச 70 அரசுக்குப் போற காசு இல்ல. எம்ஆர்பி ஒட்டின பொருளா இருந்தா அந்த விலையிலேயே வரி அடக்கம், அதுக்கு மேல கேட்கவே கூடாது. காம்போசிஷன் திட்டத்துல இருக்கற கடைக்காரர் வாடிக்கையாளர்கிட்ட வரி வசூலிக்க முடியாது, அவர் பில்லுலயே அதை எழுதியிருக்கணும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத பிளாட்பாரக் கடைக்காரரும் வரின்னு தனியா கேட்க முடியாது. பில்லுல ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுக் கடைன்னா 33-ல ஆரம்பிக்கும். 33-ஐப் பார்க்க இரண்டு செகண்ட் போதும். 30 ரூபாய்க்காக பில்லை விட்டுடாதீங்க, சாயம் போனா மாத்தறதுக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

பணம் கட்டறதுக்கு அந்த இரண்டாவது கணக்கை மட்டும் யுபிஐ-ல டீஃபால்ட்டா வெச்சேன். சம்பளக் கணக்கை அன்னிக்கு ஆப்ல தொடலை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-ல இணைச்சிருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. க்யூஆர் ஸ்கேன் பண்ணும்போது கடன்ல வாங்கறோம்னே உறைக்காது. சாப்பாட்டுக்கு மட்டும் யுபிஐ லைட்ல 600 ஏத்திக்கிட்டேன். பின் நம்பர் தேவையில்ல, 40 ரூபாய், 60 ரூபாய்க்கெல்லாம் பேங்க் ஸ்டேட்மென்ட் நீளாது. ஆட்டோ டாப்-அப் மட்டும் ஆஃப்ல இருக்கணும். தானா நிரம்பற பர்ஸ் பர்ஸே இல்ல.

இப்போ சாப்பாடு. நிறைய பேர் மிச்சம் பிடிக்க முதல்ல கை வைக்கறது இங்கதான். பன் சாப்பிட்டு 50 ரூபாய் மிச்சம் பண்ணிட்டு, தேவையில்லாத மூணாவது சட்டையை 550-க்கு வாங்குவாங்க. நான் சாப்பாட்டுல கை வைக்கவே மாட்டேன். மாம்பலத்துல பொங்கல் வடை காபி 95. சாயங்காலம் சௌகார்பேட்டை மின்ட் தெரு பக்கம், முறுக்கு சாண்ட்விச்சும் லஸ்ஸியும் 150. தட்டை மாதிரி முறுக்குக்கு நடுவுல சட்னி, வெள்ளரி, தக்காளி வெச்சுத் தருவாங்க, கையில வாங்கின உடனே சாப்பிடணும், பேசிட்டு நின்னா நமத்துப் போயிடும். இருட்டினதும் கடற்கரை ஸ்டேஷன் எதிர்ல, பர்மா பஜார் பக்கம், அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த சாப்பாடு. நூடுல்ஸ்ல கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பொரிச்ச பூண்டு எல்லாம் போட்டு கையாலயே பிசைஞ்சு தருவாங்க, கூட வாழைத்தண்டு சூப். கூட ஒரு பேஜோவும் சேர்த்து 140. டீ, தண்ணி 45. ஒரு நாள் முழுக்க 430 ரூபாய். 19,200 செலவழிச்ச 2014-ல நான் அங்க என்ன சாப்பிட்டேன்னு கேட்டா ஞாபகமே இல்ல.

வாங்கினதைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்னு எழும்பூருக்கு எட்டு மணிக்கே வந்துட்டேன். ரயில் வர நேரம் இருந்தது, பெஞ்சுல உட்கார்ந்து போன்ல கணக்கு எழுதினேன். சட்டை பட்ஜெட்டைவிட 120 கூட. புடவை 80 கம்மி. ஆசைக்காசுல ஒரு பித்தளைக் காபி ஃபில்டர், 540. வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, தெரிஞ்சேதான் வாங்கினேன். லைட்ல மீதி 170. ரொக்கமா வெச்ச 300-ல தண்ணி பாட்டிலுக்கு 20 போச்சு, 280 அப்படியே சட்டைப் பையில இருந்தது.