ஹெல்மெட் போடலைன்னா கேஸ் நிக்காதா?

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியில் சந்தை நாள். மூட்டை, கூடை, குடும்பம் என்று பைக்கில் ஏற்றாத சுமை கிடையாது. மற்ற நாட்களில் சிப்காட் ஷிப்ட் விடும் நேரத்தில் சாலை முழுக்க இருசக்கர வாகனங்கள்தான். மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்றே இங்குதான் இருக்கிறது. ஆனாலும் "பக்கத்துலதானே போறோம்" என்று ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய.

அப்படிப் போன ஒருவர் மீது லாரியோ காரோ மோதிவிட்டால், மருத்துவமனை வாசலில் யாராவது ஒருவர் சொல்வார்: "ஹெல்மெட் போடலையா? அப்ப கேஸ் நிக்காது. குடுக்கறதை வாங்கிட்டுப் போயிடுங்க." பயந்த குடும்பம் பத்தாயிரமோ இருபதாயிரமோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடும். பிறகு வரும் மருத்துவச் செலவு அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

ஹெல்மெட் போடாதது குற்றம்தான். ஆனால் அதனால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. இதை விளக்குவதே இந்தப் பாடம்.

இரண்டு தவறுகள், இரண்டு கணக்குகள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 129-வது பிரிவுப்படி, வண்டி ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணிய வேண்டும். மீறினால் 194டி பிரிவின் கீழ் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழகத்தில் 2015 ஜூலை 1 முதல் இந்த விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குக் காரணமான சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு பிறந்ததே ஒரு வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில்தான்.

இது உங்களுக்கும் அரசுக்கும் உள்ள கணக்கு. உங்கள் மீது மோதிய வண்டிக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு வேறு. அங்கே நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, விபத்து யாருடைய கவனக்குறைவால் நடந்தது என்பது. சிக்னலில் நின்றிருந்த பைக்கைப் பின்னால் வந்த லாரி இடித்தால், உங்கள் தலையில் ஹெல்மெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த லாரி இடித்திருக்கும். ஆகவே விபத்துக்குக் காரணம் லாரி.

இரண்டாவது கேள்வி, காயம் இவ்வளவு மோசமாக ஆனதில் உங்கள் பங்கு என்ன என்பது. ஹெல்மெட் பேச்சு இங்குதான் வரும். கால் எலும்பு முறிந்திருந்தால் ஹெல்மெட்டுக்கும் அந்தக் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை. தலையில் அடிபட்டிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதைக் கேள்வியாக எழுப்பும். இதற்குப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று பெயர். அதை நிரூபிக்கும் பொறுப்பு, வாதத்தை வைக்கும் நிறுவனத்துக்கே உரியது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2020 ஜனவரியில் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு நல்ல வழிகாட்டி. டெல்லியில் ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள். பின்னால் வந்த கார் மோதி, பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் இறந்தார். மூன்று பேர் போனது விதிமீறல் என்று சொல்லி உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதத்தைக் கழித்தது. உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவை ரத்து செய்தது. விதியை மீறியது மட்டும் போதாது. அந்த மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது அதனால் வந்த பாதிப்புக்கும் தொடர்பு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அது ஹெல்மெட் வழக்கு அல்ல. ஆனாலும் ஹெல்மெட் வாதத்துக்கு இதே அளவுகோல் பொருந்தும்.

எவ்வளவு குறையும்? ஒரு கணக்கு

ஹெல்மெட் போடாததற்கு இத்தனை சதவீதம் கழிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தலைக்காய வழக்குகளில் 10, 15 சதவீதம் என்று கழித்த தீர்ப்புகள் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

வயது 28, மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. இந்த வயதுக்கான பெருக்கெண் 17, பெருக்கினால் 51,40,800. விபத்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்றால் அதற்கான இழப்பு 10,28,160 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, போக்குவரத்து, உதவியாளர் செலவு எல்லாம் சேர்த்து 1,71,840 என்றால் மொத்தம் 12 லட்சம்.

ஹெல்மெட் இல்லாததற்கு 10 சதவீதம் கழித்தால் குறைவது 1,20,000. கைக்கு வர வேண்டியது 10,80,000. "கேஸ் நிக்காது" என்ற ஒரு சொல்லை நம்பியவர் இழப்பது இந்த 10,80,000-ஐ.

முதல் 48 மணி நேரம்

முதலில் உயிர், பிறகுதான் வழக்கு. 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இது பொருந்தும்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-ல், நடந்தது சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். பலர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். வேறு வண்டி மோதியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பின்னால் பெரிய சிக்கலைத் தருவது இந்த ஒரு வரிதான்.

காவல் நிலையத்தில்

உடனே புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். சிகிச்சையால் தாமதமானால், அந்தக் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். மோதிய வண்டியின் எண், இடத்தின் படம், சாட்சிகளின் தொலைபேசி எண், பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு ஆகியவற்றைச் சேகரியுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதன் இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம்.

2022 விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை போனதா என்று நிலையத்தில் கேட்பது உங்கள் உரிமை.

எந்த வழியில் கேட்பது?

மோதியவர் மீது தவறு இருந்தால்: 166-வது பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் மனு. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்று சட்டம் சொல்கிறது. இந்த வரம்பு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்தைக் கடைசி நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

யார் தவறு என்ற விவாதமே வேண்டாம் என்றால்: 164-வது பிரிவு. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். இதை ஏற்றுப் பெற்றுக்கொண்டால் 166-வது பிரிவு மனு முடிந்துவிடும். எனவே கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போனால்: 2022 திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள வருவாய் அலுவலர் விசாரிப்பார்; மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருவார்.

நீங்களே சறுக்கி விழுந்தால்: உங்கள் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் காப்புத் தொகை 15 லட்சம் ரூபாய். மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பொருந்தும். வண்டி உங்கள் பெயரிலும், ஓட்டுநர் உரிமம் நடப்பிலும் இருக்க வேண்டும்.

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்தால்: வேலையோடு தொடர்பு இருந்தால் ஈ.எஸ்.ஐ.யில் அது வேலைக் காயமாகக் கருதப்படும். ஈ.எஸ்.ஐ. பயனையும் மோட்டார் இழப்பீட்டையும் எப்படிக் கேட்பது என்பதில் சட்டச் சிக்கல் உண்டு. எதிலும் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எல்லை தாண்டி நடந்த விபத்து

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் விபத்து, மோதியது கர்நாடகப் பதிவு லாரி, சிகிச்சை பெங்களூருவில். "அங்கதான் கேஸ் போடணுமா?" என்பது இந்தப் பகுதி மக்களின் நியாயமான கேள்வி. புகார் அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் பதிவாகும். ஆனால் இழப்பீட்டு மனுவை, விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்தரப்பு வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில் தாக்கல் செய்யலாம். போச்சம்பள்ளிக்காரர் கிருஷ்ணகிரியிலேயே தாக்கல் செய்யலாம். கன்னட ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு மட்டும் தயாராக இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்த விபத்துக்கு, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் உதவும். ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரித்த மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம்.

செய்யக் கூடாதவை

ஹெல்மெட் போட்டிருந்ததாகப் பொய் சொல்லாதீர்கள். மருத்துவப் பதிவோ சிசிடிவியோ அதைப் பொய்யாக்கினால், உண்மையான மற்றச் சாட்சியத்தின் மீதும் சந்தேகம் விழும். "ஆமாங்க, போடல. ஆனா அவர்தான் தப்பான பக்கம் வந்து மோதினார்" என்று உண்மையைச் சொல்வதே பலம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். லோக் அதாலத்தில் சமரசம் செய்யலாம். ஆனால் அங்கு முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. எனவே ஊனச் சதவீதம் தெரிந்த பிறகு, நிதானமாக ஒப்புக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100.

சட்டம் பணத்தை வாங்கித் தரும். போன நினைவையோ பேச்சையோ திருப்பித் தராது. சந்தைக்குப் போனாலும் ஷிப்டுக்குப் போனாலும் ஹெல்மெட்டை மாட்டி, பட்டையையும் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்து வீட்டில் யாராவது ஹெல்மெட் இல்லாமல் அடிபட்டுக் கிடந்தால், அந்தக் குடும்பத்திடம் இன்றே சொல்லுங்கள்: "கேஸ் நிக்கும். ஆறு மாசத்துக்குள்ள போடுங்க."