பிழை எப்போது தெரியும்?

தேர்வு முடிந்து சங்கரன்கோவிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா?" மத்தளம்பாறை ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் சேர நினைப்பவர்களும் இதையே கேட்கிறார்கள், பெங்களூருக்கு பஸ் ஏறப்போகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். மொழியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அதைச் சுற்றியிருக்கும் கருவிகளைப் பற்றி நிறைய இருக்கிறது.

1. எந்த மொழியானாலும் முதலில் இதைக் கேளுங்கள்: நான் தப்பாக எழுதினால், அது தப்பு என்று எனக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? நிரல் எழுதுகிறவனின் நாளை விழுங்குவது தட்டச்சு வேகம் இல்லை, இந்தக் காத்திருப்புதான்.

பாஸ்கல் மொழியை நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்டார். ஆனால் சிறிய கணினிகளில் அது பரவியது 1983இல் வந்த டர்போ பாஸ்கலால். அதற்குமுன் எடிட்டரை ஏற்றி எழுதி, சேமித்து, வெளியே வந்து, கம்பைலரை ஏற்றி, எரர் வந்தால் திரும்ப எடிட்டரை ஏற்ற வேண்டும், அதுவும் ஃப்ளாப்பியிலிருந்து. டர்போ பாஸ்கல் இரண்டையும் ஒன்றாக்கி நினைவகத்திலேயே வைத்தது. எரர் இருந்தால் கர்சரைக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே நிறுத்தியது. விலை 49.95 டாலர், அன்று மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலர்கள். மொழி அதே பாஸ்கல்தான். மாறியது காத்திருப்பு மட்டும்.

அதன் தம்பிகளான டர்போ சி, டர்போ சி++ உங்களில் பலருக்குத் தெரியும். நீலத் திரை, கன்ட்ரோல்-எஃப்9. அந்தக் காலத்துக்கு அருமையான கருவிகள், மறுக்கவில்லை. ஆனால் சி++ மொழிக்கு உலகத் தரம் வகுத்ததே 1998இல்தான். அதற்கு முந்தைய கம்பைலரை டாஸ்பாக்ஸுக்குள் உயிர்ப்பித்து இன்றும் சில லேப்களில் பாடம் நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஜிசிசி கம்பைலரை இறக்கிக்கொள்ளுங்கள். காசில்லை.

2. நம்மூர் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு, பிழை உடனே தெரிய வேண்டும் என்பது எளிதில் புரியும். ஊடு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பழுது விழுவது துணியில். ஜாவாஸ்கிரிப்டில் எண் வர வேண்டிய இடத்தில் பெயரை அனுப்பிப் பாருங்கள். பல நேரம் அது நிற்காமல் ஓடும், பழுதைக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளர். 2012இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் அதே ஜாவாஸ்கிரிப்டின் மேல் ஒரு சோதனையை வைத்தது. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்கோடு விழும்.

டைப்ஸ்கிரிப்டை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். டர்போ பாஸ்கலின் கம்பைலரை எழுதியவரும் அவரே. 2025 மார்ச்சில் அவர் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தார். விஎஸ் கோட் எடிட்டரின் ஏறத்தாழ 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது 7.5 விநாடியாகக் குறைந்தது. நாற்பது ஆண்டுகளாக அந்த மனிதர் துரத்துவது ஒரே காத்திருப்பைத்தான்.

3. மொழிச் சண்டைகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். லுட்ஸ் பிரெஷெல்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 2000இல் ஒரே கணக்குக்கு ஏழு மொழிகளில் எழுதப்பட்ட 80 நிரல்களை ஒப்பிட்டார். பைத்தான், பெர்ல் போன்றவற்றில் எழுத ஆன நேரம் சி, சி++, ஜாவாவில் ஆனதில் ஏறக்குறைய பாதி. இதோடு நிறுத்திக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பைத்தான்காரர்களின் நேரக்கணக்கு அவர்களே சொன்னது என்பதையும் பிரெஷெல்ட் எழுதியிருக்கிறார். இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: ஒரே மொழியில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடு, மொழிக்கு மொழி இருந்த வேறுபாட்டின் அளவுக்கு இருந்தது, சில இடங்களில் அதைவிடப் பெரிது.

4. பிழைச்செய்தியைப் படியுங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அந்தச் சிவப்பு ஆங்கிலத்தைப் பார்த்ததும் திரையை மூடிவிடுகிறார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது சில டஜன் சொற்கள்தான். ஒரு நோட்டில் எழுதிவைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். நாற்பது எரர் வந்தால் முதல் எரரை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மீதி பெரும்பாலும் அதன் வால். ரஸ்ட் மொழியின் கம்பைலர் எரருக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக் கேட்டால் உதாரணத்தோடு விளக்கமும் தருகிறது. கடினமான மொழி என்று பேர் வாங்கிய ரஸ்ட்டைத் தனியாக உட்கார்ந்து கற்றவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

5. டிபக்கரை முதல் மாதத்திலேயே பழகுங்கள். பிரிண்ட் போட்டுத் தேடுவது பாவமில்லை, ஆனால் அது மட்டுமே தெரிந்திருப்பது குறை. பைத்தான் 3.7இலிருந்து "breakpoint()" என்று ஒரே வரி போதும். நிரல் அங்கே நின்று உங்களைக் கேள்வி கேட்கவிடும்.

6. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட். இன்றைக்கே பழகுங்கள்.

7. எடிட்டருக்காக அடித்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியைத் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2016இல் லாங்வேஜ் சர்வர் என்ற பொது ஏற்பாடு வந்தபின், ஒரு மொழிக்கு ஒருமுறை எழுதிய உதவி விஎஸ் கோடிலும் வரும், விம்மிலும் வரும். கையில் இருக்கும் லேப்டாப்பைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கிறது. 4 ஜிபியில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு "எனக்குக் கோடிங் வரவில்லை" என்று அழுத பிள்ளைகளை நான் அறிவேன். வராதது கோடிங் இல்லை.

8. லைப்ரரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மொழியைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு, "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். ஸ்விஃப்டும் மூன்று என்கிறது. பைத்தான் ஐந்து என்கிறது. கோ மொழி, பைட்டை எண்ணிப் பதினைந்து என்கிறது. பைத்தானில் எழுதுகிறவர்கள் 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டால் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும். அது தெரியாமல் இந்த வேலையை நாள்கணக்கில் புதிதாக எழுதுவது உழைப்பில்லை, விரயம்.

9. ஏஐ பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2025இல் மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு அவர்களுடைய சொந்தத் திட்டங்களிலிருந்தே 246 வேலைகளைக் கொடுத்தது. ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் அவர்கள், தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள்! தாங்கள் நன்கறிந்த நிரலில் வேலை செய்தவர்கள் அவர்கள். உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், கருவிகளும் மாதாமாதம் மாறுகின்றன. ஆகவே ஏஐ கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அது கொடுத்த வரியை உங்களால் இன்னொருவருக்கு விளக்க முடியாவிட்டால் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். எந்தக் கருவி வேகம் தந்தது என்பதை நினைப்பை நம்பி முடிவு செய்யவும் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மணி, முடித்த மணி, பயன்படுத்திய கருவி மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். ஒரு மாதம் செய்துவிட்டு அந்தக் காகிதத்தோடு வாருங்கள், எந்த மொழி என்று அப்புறம் பேசுவோம்.