மாங்குளத்து வெயிலைத் தாங்கும் சொக்லேட் உருண்டை

ஒரே வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய டோனட் உருண்டைகளை டிம் ஹோர்ட்டன்ஸ் நிறுவனம் 1976இல் டிம்பிட்ஸ் என்ற பெயரில் கனடாவில் விற்கத் தொடங்கியது. சீனிப்பூச்சுப் பூசிய சொக்லேட் உருண்டையும் அதில் ஒரு வகை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் நம்மவர் வீடுகளில் பிறந்தநாளுக்கு அந்தப் பெட்டி மேசைக்கு வருவது இன்று சாதாரணம். தொலைபேசித் திரையில் அதைப் பார்க்கும் வன்னிப் பிள்ளை, “உதை இஞ்ச செய்யேலாதோ?” என்று கேட்டால் பதில் ‘செய்யலாம்’ என்பதுதான். ஆனால் அங்கிருந்து வரும் செய்முறையை அப்படியே பின்பற்றினால் மாங்குளத்தில் உருண்டை சரிவரும், பூச்சு சரிவராது. செய்பவரின் கைப்பக்குவத்தில் குறையில்லை. அந்தச் செய்முறைகள் 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘அறை வெப்பத்தில் இறுகவிடுங்கள்’ என்று அவை சொல்லும் அறை மாங்குளத்தில் இல்லை. ஆகவே இங்கே மாற்றவேண்டியது இரண்டு: உருண்டையைச் சொக்லேட்டால் மூடாமல் கொக்கோ கலந்த சீனிப்பூச்சால் மூடவேண்டும், எண்ணெயில் பொரிக்காமல் சிறிதாக ஊற்றி வேகவைக்கவேண்டும்.

முதலாவதற்குக் காரணம் கொழுப்பு. சொக்லேட்டை இறுக்கமாகவும் பளபளப்பாகவும் வைத்திருப்பது கொக்கோ வெண்ணெய். அது ஏறத்தாழ 34 பாகையில் முழுதாக உருகிவிடும். அதற்குக் கீழேயே இளகத் தொடங்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் நண்பகல் அந்த எல்லையைத் தொடும். ஏ34 வீதி வழியே முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸின் பொருட்தட்டில் வைத்த பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘பூச்சு கெட்டியாக ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் சேருங்கள்’ என்ற குறிப்பு இன்னும் மோசம். தேங்காயெண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகும். நம்மூர்ப் போத்தலில் அது உறைவதே அபூர்வம். குளிர்நாட்டில் ஓடாக இறுகும் அந்தக் கலவை இங்கே விரலில் ஒட்டும் குழம்பாகவே கிடக்கும். சீனிப்பூச்சு இறுகுவது வேறு வழியில். அதற்குக் குளிர் வேண்டியதில்லை; தண்ணீர் ஆவியாகி, சீனி மீண்டும் பளிங்காவதால் அது இறுகுகிறது. உலர்ந்த பிறகு 35 பாகையிலும் அது உருகாது. இது நமக்குப் புதிய அறிவும் அல்ல: பொரித்த சிப்பிப் பலகாரத்தைச் சீனிப்பாகில் புரட்டி வெள்ளையாகப் பூக்கவிடும் வீடுகளில் இதே வேலைதான் நடக்கிறது.

‘அப்படியானால் அது சொக்லேட் பலகாரமே இல்லையே’ என்று ஒருவர் மறுக்கலாம். ஓரளவு நியாயம்தான். நல்ல சொக்லேட் வாயில் உருகும் சுகத்தைச் சீனிப்பூச்சு தராது. ஆனால் சொக்லேட்டின் சுவையும் நிறமும் பெரும்பாலும் இருப்பது கொக்கோத் தூளில். நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828இல் காப்புரிமை பெற்ற அமுக்கு இயந்திரம் கொக்கோவிலிருந்து வெண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்தது. மிஞ்சிய சக்கையை இடித்ததுதான் நாம் வாங்கும் தூள். அதாவது, வெயிலில் நம்மைக் கைவிடும் பகுதியைக் கழித்துவிட்டு மணத்தை மிச்சம் வைத்த பொருள் அது. விலைக் கணக்கும் இதே பக்கம் நிற்கிறது. ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் சரிந்ததால் 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோ 12,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. பின்னர் இறங்கினாலும் அந்த ஏற்றம் சொக்லேட் கட்டிகளின் விலையில் தெரிந்தது. இரண்டு டசின் உருண்டைக்கும் பூச்சுக்கும் சேர்த்து 45 கிராம் தூள் போதும். கண்டோஸ் சொக்லேட் போட்டே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் நின்றால், ஒரு துண்டை நறுக்கி மாக்கலவைக்குள் புதைத்துவிடுங்கள். உள்ளே அது உருகினால் நல்லதுதான்.

இரண்டாவது, அளவு. ஒரு கேக் வேக 40, 45 நிமிடம் பிடிக்கும். ஒரு வாய் அளவு உருண்டைக்கு 10 நிமிடம். வெப்பம் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகவேண்டிய தூரம் குறைவு என்பதே காரணம். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தைக் கண்ட நமக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. கேக் பாதி வெந்திருக்கும்போது மின்சாரம் போனால் அது குழி விழுந்து களியாகிவிடும். உருண்டை அந்த ஆபத்தை அநேகமாகத் தாண்டிவிடும். எரிவாயுவில் செய்தாலும் செலவு குறையும். ‘பொரித்தால்தானே டோனட்?’ என்ற கேள்விக்கு, ஆம், பொரித்ததுதான் டோனட். இது அந்த வடிவத்தில் செய்த குட்டிக் கேக். பொரித்த உருண்டைக்கு நம்மிடம் வாய்ப்பன் ஏற்கெனவே இருக்கிறது, அதை வெல்லவேண்டிய தேவையுமில்லை. ஒரு தாச்சி எண்ணெயைச் சூடாக்கி, மிஞ்சியதை என்ன செய்வது என்று யோசிக்காமல் இருப்பது வேகவைப்பதில் கிடைக்கும் இலாபம். பொரித்ததைவிட இது சீக்கிரம் காயும் என்பது உண்மையான குறை. சுற்றிலும் மூடும் பூச்சு அந்தக் குறையைத்தான் ஈடுசெய்கிறது.

இனிச் செய்முறை. ஒரு கிண்ணத்தில் 30 கிராம் கொக்கோத் தூளைப் போட்டு, 60 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்து ஆறவிடுங்கள். கொதிநீரில் குழைத்த கொக்கோவின் மணம் எழும்பும், மாவோடு சேரும்போது திரளாது. ஆறியதும் அதில் 100 கிராம் சீனி, 120 கிராம் தயிர், 60 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வனிலா சேர்த்து, சீனி பெரும்பாலும் கரையுமட்டும் அடியுங்கள். தயிர் எருமைத் தயிராக இருந்தால் நல்லது. வன்னியில் அதற்குப் பஞ்சமில்லை; இரண்டு நாள் பழகிப் புளித்தது இன்னும் நல்லது. கடையில் கிடைக்கும் கொக்கோ சில காரம் சேர்த்துப் பதப்படுத்தியவை, சில இயல்பான புளிப்புள்ளவை. பொதியில் அது எப்போதும் தெளிவாக இராது. அப்பச்சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். தயிர் இருந்தால் எந்தக் கொக்கோவாக இருந்தாலும் அந்தப் புளிப்புக் கிடைத்துவிடும். தேங்காயெண்ணெய் பூச்சுக்கு ஆகாது என்றாலும் உருண்டைக்குள் அது சிறந்தது: நம் வெப்பத்தில் உறையாததால் மறுநாளும் உருண்டை மெதுவாக இருக்கும். வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்காத வீடுகளில் முட்டைக்குப் பதிலாக 50 கிராம் தயிரும் கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு பாத்திரத்தில் 110 கிராம் கோதுமை மா, 15 கிராம் சோளமா, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை அரிதட்டில் அரித்துக் கலந்துகொள்ளுங்கள். பாணுக்கும் ரொட்டிக்கும் கேக்குக்கும் நாம் ஒரே மாவைத்தான் வாங்குகிறோம். ரொட்டிக்கு வேண்டிய இழுவை கேக்குக்கு வேண்டாம் என்பதால் சோளமா. இந்த மாவை ஈரக் கலவையில் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலந்து, வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒன்றிரண்டு சிறு கட்டி கிடந்தால் குற்றமில்லை. மினுமினுப்பாகும்வரை அடித்தால்தான் குற்றம். உருண்டை இறப்பர் ஆகிவிடும்.

24 குழியுள்ள சிறு கேக் தட்டுக்கு எண்ணெய் பூசி, தடித்த பொலித்தீன் பையின் மூலையை வெட்டி அதன் வழியாகக் குழியில் முக்கால் பங்குக்குக் கீழே பிழிந்துவிடுங்கள். முன்கூட்டியே 180 பாகைக்குச் சூடாக்கிய அவணில் 9 முதல் 11 நிமிடம். ஈர்க்கு குத்தி எடுத்தால் ஈரமா ஒட்டக்கூடாது. அவண் இல்லையே என்று விட்டுவிடத் தேவையில்லை. அடிகனமான பெரிய பானையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி, நடுவில் ஒரு தாங்கி வைத்து, மூடி 15 நிமிடம் நடுத்தர நெருப்பில் சூடாக்கிய பின் உள்ளே கொள்ளும் அளவுத் தட்டை இறக்குங்கள்; 15 நிமிடத்தில் பாருங்கள். விறகடுப்பு வீடுகளில் மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணலையும் பரப்பினால் மேற்பக்கமும் சீராக வேகும். நொன்ஸ்டிக் பாத்திரத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெறுமையாகச் சூடேறினால் அதன் பூச்சுக் கெட்டுவிடும். குழிப்பணியாரச் சட்டி இருந்தால் கதை இன்னும் சுலபம்: எண்ணெய் தடவி, கலவையை ஊற்றி, மெல்லிய நெருப்பில் மூடி நான்கு நிமிடம், திருப்பிவிட்டு இரண்டு மூன்று நிமிடம். நெருப்பைக் கூட்டினால் கொக்கோ கருகிக் கைக்கும். நிறம் முன்பே கறுப்பு என்பதால் கருகியது கண்ணுக்குத் தெரியாது, மூக்கைத்தான் நம்பவேண்டும். உண்மையைச் சொன்னால் தட்டில் வருவது பாதி உருண்டைதான். முழு உருண்டை இந்தச் சட்டியில்தான் வரும்.

பூச்சுக்கு 180 கிராம் ஐசிங் சீனி, 15 கிராம் கொக்கோ, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை இரண்டு தரம் அரித்துக்கொள்ளுங்கள். ஐசிங் சீனி கிடைக்காவிட்டால் சாதாரணச் சீனியை, 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவுடன், மிக்சியில் மாவாக அரைத்து அரிக்கலாம்; கொஞ்சம் நறநறப்பு இருக்கும், சூடான தண்ணீரில் அதுவும் அடங்கும். மூன்று மேசைக்கரண்டி சூடான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். பால் விட்டால் சுவை கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும், ஆனால் நம் வெக்கையில் தண்ணீரே பாதுகாப்பு. அகப்பையைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, பத்து எண்ணுவதற்குள் அந்தக் கோடு மறையவேண்டும். உடனே மறைந்தால் சீனி சேருங்கள்; மறையாமல் நின்றால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்திருந்தால் வேலை முடியும்வரை பூச்சு இளகியே இருக்கும். உருண்டை இளஞ்சூட்டுக்கு வந்ததும் முள்ளுக்கரண்டியால் ஏந்தி முக்கி எடுத்து, கம்பித்தட்டில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க முக்கினால் பூச்சு முழுவதும் வழிந்துவிடும். அரைமணிநேரத்தில் மேலே மெல்லிய ஓடு கட்டியபின் இரண்டாம் தரமும் முக்கினால் கடைப்பெட்டியில் பார்த்த பளபளப்பு வரும்.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி வெயில் அல்ல, மழை. வன்னியின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் பெய்கிறது. அந்த மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் ஆவியாகி இறுகும் பூச்சு எப்படி இறுகும்? மெதுவாகத்தான் இறுகும், சில நாட்களில் இறுகாமலும் போகும். அப்போது தண்ணீரை அரை மேசைக்கரண்டி குறைத்து, பூச்சில் ஒரு தேக்கரண்டி சோளமா சேர்த்து, முக்கியெடுத்த உருண்டைகளை நெருப்பணைத்த அவணின் மிச்சச் சூட்டில் கதவைத் திறந்தபடி ஐந்து நிமிடம் வைக்கலாம். மின்விசிறிக் காற்றும் உதவும். பிரிட்ஜில் வைக்கவேண்டாம், எந்தப் பருவத்திலும். வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் பனித்து, சீனி கரைந்து வழியும். சொக்லேட்டுக்குக் குளிர்ப்பெட்டி மருந்து, சீனிப்பூச்சுக்கு அது பகை.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டிப் பாகு பூசினால் நம்மூர்ப் பலகாரமாகிவிடுமே என்பதும் நல்ல யோசனைதான், ஆனால் பூச்சுக்கு அது உதவாது. பனங்கட்டியில் ஈரத்தை இழுக்கும் சர்க்கரைகள் இருப்பதால் அது உலராமல் பிசுபிசுக்கும். வேண்டுமானால் கலவையில் இடும் 100 கிராம் சீனியில் பாதிக்குப் பனங்கட்டித் தூள் போடுங்கள். கொக்கோவின் கைப்போடு அது நன்றாகச் சேரும். நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் பூச்சின் சீனியைக் குறைக்க முடியாது, ஏனெனில் அங்கே சீனிதான் கட்டமைப்பு. கணக்கைப் பார்த்தால், வழிந்தது போக ஓர் உருண்டையில் சுமார் 10 கிராம் சீனி இருக்கும். சேர்க்கப்பட்ட சீனியை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இரண்டு உருண்டையோடு அன்றைய பங்கு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு இரண்டு, பெரியவருக்கு ஒன்று என்று எடுத்துவைத்து மிச்சத்தை அயலுக்குக் கொடுங்கள்.

மிஞ்சியதைத் தகரப்பெட்டியில் வரிசைக்கு இடையே எண்ணெய்த்தாள் போட்டு மூடி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். கோடையில் இரண்டு நாள் இருக்கும். மாரியில் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.