தொட்டிக்குள் ஒரு கடல் விலங்கு

ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பள்ளி முற்றத்திற்கு வாருங்கள். தரையில் 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு செவ்வகம் வரையுங்கள். உங்கள் உயரம் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். செவ்வகத்தின் மேல், உங்கள் தலை தொடும் உயரத்தில், ஒரு கூரை இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். இந்த அறைக்குள் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? ஒரு மணி? ஒரு நாள்?

உடலளவோடு ஒப்பிட்டால் இதே அளவுள்ள ஒரு தொட்டியில் ஒரு விலங்கு 50 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது. அதன் பெயர் டோகிடே. மேடைப் பெயர் லோலிடா. அது ஓர் ஓர்க்கா. ஓர்க்காவைக் கொலைத் திமிங்கலம் என்றும் அழைப்பார்கள். ஆனால் அது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் மிகப் பெரியதும் அதுவே.

1970 ஆகஸ்டு 8 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் பென் கோவ் என்னுமிடத்தில் ஓர்க்காக் கூட்டம் ஒன்றைப் படகுகளால் விரட்டி வலைக்குள் அடைத்தார்கள். சில குட்டிகள் வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. உயிருடன் பிடிபட்டவற்றுள் ஒன்று டோகிடே. அப்போது அதற்கு வயது ஏறத்தாழ 4. மயாமி நகரக் காட்சியகம் ஒன்று அதை வாங்கியது. அங்கிருந்த தொட்டியின் நீளம் 80 அடி, அகலம் 60 அடி, ஆழம் 20 அடி. வளர்ந்த டோகிடேயின் நீளமோ 20 அடிக்கும் அதிகம்!

ஓர்க்கா ஒரே நாளில் 100 கிலோமீட்டர்கூட நீந்த வல்லது. அந்தத் தொட்டியில் அவ்வளவு தூரம் நீந்த வேண்டுமானால் 4,000 தடவைக்கு மேல் சுவருக்குச் சுவர் போக வேண்டும்.

இடம் மட்டுமா குறைவு? டோகிடேயின் இனக்கூட்டத்தில், வளர்ந்த பிறகும் பிள்ளைகள் தாயைவிட்டுப் பிரிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்திற்கும் தனித்தனிக் குரலொலிகள் உண்டு. தொட்டியில் டோகிடேவுக்குத் துணையாக இருந்த ஹ்யூகோ என்னும் ஆண் ஓர்க்கா 1980-இல் இறந்தது. அதன்பின் அது தன் இனத்தில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

“வேளாவேளைக்கு மீன் கிடைத்தது, மருத்துவர் இருந்தார், நீண்ட நாள் வாழ்ந்தது. பிறகென்ன குறை?” என்று சிலர் கேட்கலாம். நீங்கள் வரைந்த செவ்வகத்துக்குள் உங்களுக்கும் மூன்று வேளை சோறும் ஒரு மருத்துவரும் கிடைத்தால் போதுமா? உயிரோடிருப்பது வேறு, தன் இயல்புப்படி வாழ்வது வேறு.

மற்றொரு வாதமும் உண்டு. முன்பு மீனவர்கள் ஓர்க்காவைக் கண்டு அஞ்சிச் சுட்டார்கள். காட்சியகங்களில் அருகிருந்து பார்த்த பிறகே அதன் மீது மக்களுக்கு அன்பு பிறந்தது. இதில் உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவு பெற அது ஒன்றுதான் வழியா?

1970-களின் தொடக்கத்தில் கனடாவின் மைக்கேல் பிக் என்னும் விஞ்ஞானி வேறு வழி கண்டார். ஒவ்வோர் ஓர்க்காவின் முதுகுத் துடுப்பும் அதன் அருகிலுள்ள சாம்பல் நிறத் திட்டும் வேறுபட்டிருக்கும். நமக்குக் கைரேகை போல! அவற்றைப் புகைப்படம் எடுத்து, கடலிலேயே ஓர்க்காக்களை ஒவ்வொன்றாக எண்ணினார் அவர். ஆயிரக்கணக்கில் இருப்பதாக எண்ணப்பட்டவை சில நூறே என்று தெரிந்தது. அவற்றின் குடும்ப உறவுகளை நாம் அறிந்ததும் இவ்வழியில்தான். வலையும் தொட்டியும் இதற்குத் தேவைப்படவில்லை.

வாஷிங்டன் கடலில் ஓர்க்கா பிடிப்பது 1976-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் அதற்குள் இளம் ஓர்க்காக்கள் பல பறிபோயிருந்தன. டோகிடேயின் இனக்கூட்டம் 2005-இல் அழியும் அபாயத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. இந்திய அரசு 2013-இல், டால்பின் காட்சியகங்கள் அமைக்க அனுமதி தரக் கூடாது என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

டோகிடேயைப் பிறந்த கடலுக்கே கொண்டுசெல்லும் திட்டம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அது நிறைவேறுமுன், அதே ஆண்டு ஆகஸ்டு 18 அன்று, டோகிடே தொட்டியிலேயே இறந்தது.

முற்றத்துச் செவ்வகத்தை உடனே அழித்துவிடாதீர்கள். நண்பர்களை அதற்குள் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் ஒரு மணி நேர மகிழ்ச்சிக்காக ஓர் உயிரின் வாழ்நாள் முழுவதையும் கேட்பது நியாயமா என்று அவர்களையே விவாதிக்கச் சொல்லுங்கள்.