மறதி: எது இயல்பு, எது நோய்?

கிராம முன்னேற்றத்திற்கு நிலவளமும் நீர்வளமும் மட்டும் போதா. மக்களின் உடல்நலமும் மனநலமும் உடன் வளர வேண்டும். கீழப்பழுவூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “வயதாகிவிட்டது, மறதி வரத்தான் செய்யும்” என்பதே அது. இச்சொல்லில் பாதி உண்மையே உள்ளது. மற்றப் பாதியை நம்பி வாளாவிருப்பதால், குணப்படுத்தக்கூடிய நோயும் முற்றிவிடுகிறது.

மனத்தில் பதிந்ததே பின்னர் நினைவுக்கு வரும். மண்ணில் புதையாது மேலே கிடக்கும் விதையைக் குருவி கொத்திச் செல்வது போல, கவனமின்றிக் கேட்ட செய்தி மனத்தில் நிற்பதில்லை. கடன் தவணையை எண்ணிக்கொண்டே மோட்டார் சாவியை எங்கோ வைத்தவர், அதனைத் தேடுவதில் வியப்பில்லை. இரவு முறை மின்சாரத்திற்காக விழித்திருந்து பருத்திக்கோ மக்காச்சோளத்திற்கோ நீர் பாய்ச்சியவர், மறுநாள் ஒன்றிரண்டை மறப்பதும் இயல்பே. உறக்கக் குறைவு, ஓயாத கவலை, ஒரே நேரத்தில் பல வேலை, மதுப்பழக்கம் ஆகியவை மறதிக்கு அன்றாடக் காரணங்களாகும். ஒருவரின் பெயர் உடனே வாராமல் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருமாயின் அஞ்ச வேண்டுவதில்லை.

வேறு சில காரணங்கள் உடலில் மறைந்திருப்பவை. தைராய்டு சுரப்பு குறைதல், வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவை நினைவைக் கெடுக்கலாம். தூக்க மாத்திரைகளும், சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் முதியோரின் அறிவைக் கலக்குவதுண்டு. இவற்றுட் பல தக்க சிகிச்சையால் சீராகக் கூடியவை. ஆதலின் மருத்துவரிடம் செல்லும்போது, உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று.

இனி, எப்போது உதவி நாட வேண்டும்? அன்றாட வாழ்க்கை தடுமாறுவதே முதல் அடையாளம். சாவியை வைத்த இடம் மறப்பது சாதாரணம். சாவி எதற்கு என்பதே மறப்பது அவ்வாறன்று. பல்லாண்டு நடந்த வயல் வழியில் திகைத்து நிற்றல், கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்டல், பழகிய நெல் மூட்டைக் கணக்கில் குழம்புதல், சமைத்ததை மறந்து மறுபடி உலை வைத்தல், குணம் மாறுதல் ஆகியவை சில மாதங்களாகக் கூடி வருமாயின், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நோயாளி தம் குறையை உணராதிருக்கலாம். ஆகவே உடன் வாழ்பவர் ஒருவர் சென்று விவரம் கூறுதல் அவசியம்.

திடீரென்று தோன்றும் குழப்பம் இதனின் வேறானது. முகம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆதலின் 108-ஐ உடனே அழைக்க வேண்டும். காய்ச்சல், நீரிழப்பு, இரத்தச் சர்க்கரை தாழ்தல் ஆகியவற்றாலும் அறிவு கலங்கலாம். முதியவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், சில வாரங்கள் கழித்துக்கூடக் குழப்பம் தோன்றக்கூடும்.

நம் மாநிலத்திலேயே திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 1997-இல் வெளியாயிற்று. அறுபது வயதைக் கடந்தோரில் 100-க்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருந்ததாக அது கூறிற்று. நாடு தழுவிய பிறிதோர் ஆய்வு, 2023-இல், இவ்விகிதத்தை 7.4 என மதிப்பிட்டது. இரண்டிலிருந்தும் பெறப்படுவது யாதெனில், முதியோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் இல்லை. எனவே இது முதுமையின் இயல்பன்று.

மறதி நோயுள்ள முதியவரை ஏமாற்றிப் பத்திரத்தில் கைரேகை பெறுவது பெருந்தீங்கு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதனைக் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். இதனை ஊரார் அறியச் செய்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம், இத்தகைய முதியோர் உள்ள வீடுகளைத் தெரிவிக்கலாம். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தல், புகையிலையையும் மதுவையும் விடல், நாள்தோறும் நடத்தல், நாலு பேருடன் பழகுதல், காது மந்தத்திற்குக் கருவி அணிதல் ஆகியவை மூளைக்கு நலம் தரும். மறதி நோய் முற்றிலும் குணமாகாவிடினும், முன்னரே அறிந்தால் மருந்தாலும் பராமரிப்பாலும் குடும்பத்தின் துன்பம் குறையும்.

அடுத்த கிராம சபையில் கலந்து ஆராய:

1. நம் ஊரில் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்?
2. அவர்களை வாரம் ஒருமுறை சென்று காண்பவர் யார்?
3. வழி தவறிய முதியவர் ஒருவரைக் கண்டால் யாரிடம் தெரிவிப்பது?

இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்துள்ள கிராமம், தன் முதியோரைக் காக்கும் வழியில் முதற்படி ஏறிவிட்டதாகும்.