சின்னத் தட்டு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் கடைக்காக நீ வாட்சாப்பில் அனுப்பிய இரண்டு சாப்பாட்டுப் பட்டியலையும் பார்த்தேன். அங்கேயே பதில் போட்டிருந்தால் "நல்லா இருக்கும்மா" என்பதோடு முடிந்திருக்கும். சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் கடிதம்.

பெரியவர்களுக்கான பட்டியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இடியாப்பம், தோசை, கோழிப் பெரட்டல், கொடுவா மீன் குழம்பு, மதியம் வாழையிலைச் சாப்பாடு. ஜாசினில் இது ஓடும். சிறுவர் பட்டியலுக்கு வந்ததும்தான் கடை மாறிவிட்டதோ என்று தோன்றியது. நக்கெட், சோசேஜ், உருளைக்கிழங்கு வறுவல், ஸ்பெகெட்டி, மைலோ ஐஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் பெயர். இதை ஆயர் குரோவில் எந்தக் கடையிலும் தின்னலாம், கோலாலம்பூரிலும் தின்னலாம். அதற்கு உன் கை எதற்கு? (கார்ட்டூன் பெயர்களை எப்படியும் எடுத்துவிடு. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.)

சிறுவர் பட்டியல் என்றாலே நக்கெட்டும் வறுவலும்தான் என்று நமக்கு எப்படிப் படிந்தது? இந்த வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1920இல் அங்கே மதுவிலக்கு வந்து, ஓட்டல்களுக்கு மது வருமானம் போனது. அதுவரை பிள்ளைகளை அவ்வளவாக விரும்பாத முதலாளிகள் குடும்பங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டல் 1921இல் பிள்ளைகளுக்கென்று தனிப் பட்டியல் அச்சடித்தது. எம்மெட் ஹோல்ட் என்ற மருத்துவர் 1894இல் எழுதிய பிள்ளை வளர்ப்புப் புத்தகம் அப்போதும் செல்வாக்கோடு இருந்தது. மசாலாவும் ருசியும் பிள்ளைக்கு ஆகாது, சப்பென்று வேகவைத்ததே நல்லது என்பது அந்தக் காலத்துக் கொள்கை. வேகவைத்தது பிறகு பொரித்ததாக மாறியது. பிள்ளைக்கு வேறு, பெரியவருக்கு வேறு என்ற பிரிவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நம் நாட்டில் கே.எஃப்.சி. 1973இல் கடை திறந்தது, மெக்டோனல்ட்ஸ் 1982இல். நீங்களெல்லாம் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பிள்ளைச் சாப்பாடு என்றதும் உனக்கு அந்தக் கடைகளின் சாப்பாட்டுப் பெட்டி ஞாபகத்துக்கு வருவது இயற்கைதான்.

ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளைக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அம்மா, பிள்ளையையும் தூக்குச்சட்டியையும் ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவாள். வீட்டில் ஆக்கின சோறுதான் சட்டியில் இருக்கும். குழம்பைக் குறைத்து, ரசத்தைக் கூட்டிப் பிசைந்திருப்பாள். ஆயா அதை உருட்டிக் கொடுப்பாள். அந்தக் காலத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல், வயிற்றில் பூச்சியோடு திரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சோறு போதவில்லை, மீனும் முட்டையும் எட்டவில்லை. ஆனால் சமைத்த முறையில் தப்பு இல்லை. ஒரே அடுப்பு, ஒரே பானை, பிள்ளைக்குக் காரம் மட்டும் குறைவு. உன் கடைக்கு நான் சொல்வதும் இதேதான்: பெரியவர் தட்டில் இருப்பதையே பிள்ளைக்குச் சிறிதாகக் கொடு, மிளகாயை மட்டும் பிரித்துவிடு.

அதற்குச் சமையலறையில் சில வேலைகளை முன்பின்னாக மாற்ற வேண்டும். சாம்பாரைத் தூள் போடுவதற்கு முன்பே ஒரு சட்டி தனியாக மொண்டு வைத்துக்கொள். பருப்பும் காயும் வெந்திருந்தால் அதுவே பிள்ளைச் சாம்பார். கோழிக்கு இஞ்சி, பூண்டு, மஞ்சள், சோம்பு, தேங்காய்ப்பால் வரைக்கும் ஒரே வேலை. அங்கே நிறுத்திப் பிள்ளைப் பங்கை எடுத்தால் சொதி மாதிரி இளமஞ்சளாக நிற்கும், மீதிக்கு மிளகாய்த் தூளைப் போட்டுப் பெரட்டிக்கொள்ளலாம். நாசி லெமாக்கில் சம்பலைச் சோற்றுமேல் ஊற்றாமல் சின்ன மங்கில் ஓரமாக வை. தொட்டுப் பார்க்கிற பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும், காரம் அப்படித்தான் பழகும். தப்பித் தவறிக் காரம் ஏறிவிட்டால் தண்ணீர் கொடுக்கச் சொல்லாதே. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு வாய் தயிரோ பாலோ போதும், அதைக் கைக்கு உடனே கிடைக்கிற இடத்தில் வைத்திரு.

இடியாப்பத்தை நீ பெரியவர் பட்டியலில் மட்டும் போட்டிருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. தேங்காய்ப்பூவும் குலா மலாக்காவும் தூவிய இரண்டு சின்ன இடியாப்பத்தை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு ஒரு சர்க்கரை இருக்கும்போது மலாக்காக் கடை ஒன்று டப்பாச் சாக்லேட் குழம்பைத் தேடிப் போவானேன்? அதுவும் சீனிதான், கை தாராளம் வேண்டாம். மூங்கில் குழாய் வடிவத்தில் வருவதைச் சீவித் தூவினால் கொஞ்சமே கண்ணுக்கு நிறையத் தெரியும்.

இன்னொன்று, மலாக்கா டவுனில் ஹைனானியர் கடைகளில் கோழிச்சோற்றை உருண்டை பிடித்து வைப்பதைப் பார்த்திருப்பாய். சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். பிள்ளைக்குத் தட்டில் பரப்பிய சோறு மலைப்பு. கையில் அடங்கும் உருண்டை விளையாட்டு. பருப்பும் நெய்யும் பிசைந்து மூன்று உருண்டை, பக்கத்தில் முள்ளெடுத்த கொடுவா ஒரு துண்டு, விரல் நீளத்தில் நறுக்கிய வெள்ளரிக்காய். வெள்ளரிக்காயை ஏன் இப்படி விவரமாகச் சொல்கிறேன் என்றால், பள்ளியில் ஆர்.எம்.டி. பொறுப்பு என்னிடம் இருந்தபோது கண்டது அது. 1979 முதல் அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பசியாறக் கொடுக்கும் திட்டம்தான் ஆர்.எம்.டி. என்பது உனக்கும் தெரியும். வட்ட வட்டமாக அரிந்து சோற்றோடு வைத்த வெள்ளரிக்காய் அப்படியே குப்பைக்குப் போகும். அதையே நீளமாக நறுக்கிக் கையில் கொடுத்தால் கடித்துக்கொண்டே ஓடுவார்கள். பீகூனில் கேரட்டைப் பொடியாக மறைத்துப் போட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைக்க அவர்களுக்கு எங்கிருந்துதான் பொறுமை வருமோ! மறைக்காதே. தெரிகிற மாதிரி வை, கையால் எடுக்கிற மாதிரி வை.

குடிப்பதற்கு வருகிறேன். இதில் நீ என்னோடு சண்டை போடுவாய். மைலோ ஐஸ் இல்லாமல் மலேசியப் பிள்ளை உட்காராது, எனக்கும் தெரியும். இருக்கட்டும், ஆனால் சின்னக் கோப்பையில், பாலில் கலக்கி, டின்பால் ஊற்றாமல். சேர்க்கும் சீனி ஒரு நாள் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, ஐந்து விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1,300 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த ஐந்து விழுக்காடு ஏறக்குறைய 16 கிராம், நாலு தேக்கரண்டி. கடைக்காரர் வழக்கமாகக் கலக்கும் ஒரு உயரக் கிளாஸ் அதைத் தனியாகவே தின்றுவிடும். 2019 ஜூலையில் அரசாங்கம் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள அடைத்த பானங்களுக்கு வரி போட்டது. உன் கலக்கல் மேசைக்கு யாரும் வரி போடப்போவதில்லை. அங்கே நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டின்பாலைப் பற்றிச் சொன்னதும் சிசிலி வில்லியம்ஸ் ஞாபகம் வருகிறார். 1930களில் மலாயாவுக்கு வந்த மருத்துவர். தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டின்பால் கொடுத்ததால் குழந்தைகள் சாவதைப் பார்த்துவிட்டு, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". மேசையைச் சுற்றி இருந்த பெரிய மனிதர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! டின்பால் பாலல்ல, சீனி என்பது அன்றைக்கே சொல்லப்பட்டுவிட்டது. நாம்தான் இன்னும் பிள்ளையின் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களில் 14.8 விழுக்காட்டினர் உடல்பருமன் உள்ளவர்கள். குட்டையும் பருமனும் ஒரே ஊரில், சில வீடுகளில் ஒரே கூடத்தில். இரண்டுக்குமே முட்டை, மீன், பருப்பு, காய்தான் பதில், வறுவல் அல்ல. ஒரு காப்பிக் கடை நாட்டைத் திருத்திவிடாது. வாரத்தில் ஒரு நாள் வரும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் ஐஸ்கிரீம் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஐஸ்கிரீமைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லமாட்டேன். சாப்பாட்டோடு இலவசம் என்று மட்டும் போடாதே. அந்த வரியைப் படித்த பிள்ளை பிறகு சோற்றைப் பார்க்காது.

தொண்டையில் சிக்கும் பொருள்கள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சாங் கொட்டை வேண்டாம். நாசி லெமாக்கில் தூவுவதைச் சின்னத் தட்டுக்கு நிறுத்திவிடு. மீன் உருண்டையையும் சோசேஜையும் வட்டமாக வெட்டினால் அது சரியாகக் குரல்வளையை அடைக்கும் அளவு. நீளவாக்கில் நான்காக வெட்டு. திராட்சைக்கும் இதே முறை. ரம்புத்தான், லொங்கான் காலத்தில் கொட்டையோடு கொடுக்காதே. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை அப்பாவுக்கு. பிள்ளைக்கு நன்றாக வெந்தது. கச்சாங், இறால், முட்டை எதெதில் இருக்கிறது என்று உன் ஆட்களுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். "தெரியலக்கா, கேட்டுச் சொல்றேன்" என்பதாவது பரவாயில்லை, "இல்ல, இல்ல" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதுதான் ஆபத்து.

வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் உன் பட்டியலில் பிள்ளைக்குச் சைவம் என்று வறுவல் ஒன்றுதான் இருக்கிறது! மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போய்விட்டுக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அன்றைக்கு நெய்த்தோசை, பருப்புச் சோற்று உருண்டை, இடியாப்பம் மூன்றும் தயாராக இருந்தால் உன் கடை நிற்கும். இன்னொரு சிக்கல்: நாசி லெமாக் சம்பலில் பெலாச்சான் போட்டிருந்தால் அது சைவமில்லை, நெத்திலியை எடுத்துவிட்டாலும் இல்லை. சைவச் சம்பல் தனிச் சட்டியில் இருக்கட்டும். மலாய்க் குடும்பங்களும் வரும். ஜாக்கிம் சான்றிதழ் கையில் வரும்வரை ஹலால் என்று எங்கேயும் எழுதாதே, அதற்கு 2011ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல். பிள்ளைகள் உட்காரும் இடத்தையும் கவனி: உயர நாற்காலிக்கு வார் இருக்கிறதா பார், வண்ணப் பென்சிலும் காகிதமும் வை. திரை மாட்டிக் கார்ட்டூன் போட வேண்டாம், பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றுவிடும்.

பிள்ளையின் தட்டு முதலில் வர வேண்டும், பத்து நிமிடத்துக்குள். பிள்ளை சாப்பிட ஆரம்பித்தால்தான் அம்மா சூடாகச் சாப்பிடுவாள். இது நடந்தால் அவள் மறுபடியும் வருவாள். சமையல் எவ்வளவு ருசி என்பதெல்லாம் அப்புறம்தான்.

விலையைப் பாதியாகப் போட்டிருக்கிறாய். சோறு பாதியானால் செலவு பாதியாகாது. அடுப்பு, ஆள், தட்டு கழுவுகிற கூலி எல்லாம் ஒன்றுதான். பெரிய தட்டு பன்னிரண்டு வெள்ளி என்றால் சின்னது எட்டு. ஆறு வெள்ளிக்குக் கொடுக்கப் பார்த்தால் மூன்றாவது மாதம் நீயே நக்கெட்டுக்குத் திரும்பிவிடுவாய்.

பட்டியலின் தலைப்பில் "சிறுவர்" என்று போடாதே, "பன்னிரண்டு வயது வரை" என்றும் போடாதே. "சின்னத் தட்டு" என்று போடு, யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். அதே 2019 ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் நீரிழிவு. பேரப்பிள்ளையைக் கூட்டி வரும் மெர்லிமாவ் பாட்டிக்கும், புக்கிட் அசகான் தாத்தாவுக்கும் பெரிய தட்டு அதிகம். மிச்சம் வைக்கவும் மனம் வராது, தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பேரன் சாப்பிடுவதையே தாங்களும் கேட்கலாம் என்றால் கூச்சப்படாமல் கேட்பார்கள்.

எல்லாம் சேர்த்து ஆறு வகைக்கு மேல் வேண்டாம். திருத்தின பட்டியலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு முறை அனுப்பு. உன் ஆட்கள் எல்லாருக்கும் தைபாய்டு ஊசி போட்டாகிவிட்டதா, அவர்கள் உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போய்விட்டார்களா என்பதையும் எழுது. மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், அவர் கல்லாவில் மட்டும் உட்காரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
பெரியம்மா